நாற்பது டிகிரியில் இளகிய பசை

கத்திரி தொடங்கிப் பதினோரு நாளாகிறது. எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பிளாஸ்டர் தொட்டிலில் படுத்திருக்கும் அம்மோனைட், அதாவது கல்லாகிப்போன சுருள் ஓட்டுக் கடலுயிரி, அசையவில்லை. ஒட்டு இடங்களின் குறுக்கே பென்சிலால் சின்னக் கோடுகள் போட்டு வைத்திருக்கிறேன். ஒட்டு நகர்ந்தால் கோடு உடைந்து தெரியும். இன்று காலையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன், எல்லாக் கோடும் நேராகவே இருக்கின்றன. போன மாதம் இதே கல் மூன்று மில்லிமீட்டர் வாய் பிளந்து நின்றதைப் பார்த்தவன் என்பதால், இதை எழுதி வைக்க இன்றுதான் தைரியம் வந்தது.

வேலூரில் புதைபடிவம் கிடைக்காது. கோட்டையைச் சுற்றி நிற்கும் மலைகளின் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழையது. பூமிக்கடியில் வெந்து உருமாறிய நைஸும் சார்னோக்கைட்டும்தான் இங்கே. ஓடு, எலும்பு, இலை என்று தேட அதில் ஒன்றுமில்லை. அதனால் புதைபடிவம் தேடும் எங்கள் குழு ஒன்பது பேரும் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். பொங்கல் முடிந்ததும் திருவண்ணாமலை வழியாகப் பெரம்பலூர், அரியலூர் பக்கம் இரண்டு நாள். பிப்ரவரியில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு நாள். வடகிழக்குப் பருவமழை களிமண்ணை அரித்துப் புதிதாகக் காட்டிவிட்டுப் போயிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது என்பதால் ஜனவரி. மார்ச்சோடு வெளி வேலை முடிந்துவிடும். சுத்தம் செய்வது, ஒட்டுவது, சீட்டு எழுதுவது, பெட்டியில் வைப்பது எல்லாம் சித்திரைக்குள் முடிய வேண்டும். இந்த வருடம் முடியவில்லை, வைகாசி பிறந்தே விட்டது.

ஜனவரிப் பயணத்தில் முதலில் சாத்தனூர் கல்மரத்தைப் பார்த்தோம். 18 மீட்டர் நீள மரம், கல்லாகிப் படுத்திருக்கிறது. 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் இதை வெளியுலகுக்குச் சொன்னார். பாதுகாக்கப்பட்ட இடம், அங்கே ஒரு சில்லைக்கூடத் தொடக்கூடாது. குழுவில் இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த கல்லூரிப் பையனுக்கு முதல் பாடமே அதுதான். எங்கள் விதி எளிது: பாறையை உடைத்து எடுப்பதில்லை. மழை கழுவிக் கீழே கொண்டுவந்து போட்டது, உழவில் புரண்டு வரப்பில் கிடப்பது, அதையும் நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு.

பெரம்பலூர்ப் பக்கம் காரை என்ற ஊர் அருகே ஒரு பெரியவர் தன் கொல்லை வரப்பில் குவித்திருந்த கற்களைக் காட்டினார். "டிராக்டர் ஓட்டுறப்ப கலப்பையில மாட்டுது சார், எடுத்துக்குங்க" என்றார். அந்தக் குவியலில்தான் அம்மோனைட்டின் நான்கு துண்டுகள் இருந்தன. மண்டி போட்டுத் தேடி மேலும் மூன்று எடுத்தோம். வரப்பு மேலேயே சேர்த்து வைத்துப் பார்த்தபோது ஏழும் ஒரே சுருள். 28 சென்டிமீட்டர் குறுக்களவு, தடித்த இடத்தில் 9 சென்டிமீட்டர். ஊருக்கு வந்து காய்கறிக் கடைத் தராசில் நிறுத்தோம், 8 கிலோ 600 கிராம். கணவாய், ஆக்டோபஸ் வகையைச் சேர்ந்த கடல் உயிரி. ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தக் கொல்லை கடலாக இருந்தது. பெரியவருக்கு அது என்ன என்று சொன்னதும் சற்று நேரம் பேசாமல் நின்றார். அப்புறம், "முழுசா ஒட்டுனா ஒரு தடவை காட்டுங்க" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு பயணத்திலும் சேர்த்து 41 பொட்டலங்கள். அம்மோனைட் ஏழு துண்டும் சேர்த்து ஒரு பொட்டலம் என்று கணக்கு. முப்பத்தைந்துதான் இப்போது மிச்சம். மற்ற ஆறும் பூமிக்குள் கோடிக்கணக்கான வருடம் தாங்கி, என் வீட்டு மாடியில் என் கையால் போனவை.

முதல் தவறு, வந்த மறுநாளே வாளியில் தண்ணீர் பிடித்துக் கழுவியது. சேறு ஒட்டியிருந்தால் கழுவ வேண்டும் என்றுதான் கை போகும். காரைக் களிமண்ணில் பதிந்திருந்த மெல்லிய சிப்பிகள் மூன்றை ஊறப் போட்டேன். டீயில் போட்ட பொறை மாதிரி ஊதி, அடுக்கடுக்காக விரிந்து, சிப்பி எது மண் எது என்று தெரியாமல் அடியில் படிந்துவிட்டது. அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும். பிப்ரவரியில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்த இலைத் தடத்தையும், இது களிமண் இல்லை, கல்தானே என்று நினைத்து ஈரத் துணியால் துடைத்தேன். ஆறு சென்டிமீட்டர் நீளம், நடு நரம்பின் இரு பக்கமும் சீப்புப் பல் போலச் சிற்றிலைகள், டைலோஃபில்லம் என்ற அழிந்துபோன தாவர வகை. நான் துடைத்த பாதி மட்டும் மேல்தோலோடு உரிந்து துணியில் வந்தது. அந்தத் துணியை இன்னும் துவைக்கவில்லை.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எந்தக் கல்லானாலும் அதோடு வந்த வேண்டாத சில்லு ஒன்றைக் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் பார்ப்பது. கலங்கினால் தண்ணீரே கிடையாது, பத்து நாள் நிழலில் காகிதம் சுற்றிக் காய்ந்த பிறகு மென்மையான பிரஷ். கலங்காவிட்டால் மட்டும் ஊறல்.

ஊறப் போடுவதற்கும் காரணம் உண்டு. காரைப் பக்கத்து மண்ணில் ஜிப்சம் என்ற உப்புக் கனிமம் நிறைய, தரையிலேயே பளபளவென்று தகடு தகடாகக் கிடக்கும். உப்பு ஊறிய கல் காய்ந்ததும் மேலே வெள்ளை பூக்கும், பூக்கும்போது மேற்பரப்பைத் தள்ளிக்கொண்டு வரும். முதலில் எங்கள் போர் தண்ணீரில் ஊற வைத்தேன். மூன்று நாள் கழித்துக் காய்ந்தபோது முன்னைவிட அதிக வெள்ளை. சந்தேகப்பட்டு தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை 280 ரூபாய்க்கு வாங்கி அளந்தேன், போர் தண்ணீர் 1,400-க்கு மேல் காட்டியது. உப்பை எடுக்க உப்புத் தண்ணீரில் போட்டிருக்கிறேன். கேன் தண்ணீர் 55 காட்டியது. அதற்கு மாறினோம். தினம் காலையில் தண்ணீரை மாற்றுவது, மாற்றும் முன் ஒரு அளவு எடுத்து நோட்டில் எழுதுவது. முதல் நாள் 600-ஐத் தாண்டியது, ஆறாம் நாள் 140, ஒன்பதாம் நாள் 70. பத்தாம் நாளும் 70-ஐச் சுற்றியே நின்றதால் வெளியே எடுத்தோம். அம்மோனைட் துண்டுகளுக்கு இதுவே போதுமாக இருந்தது. கேன் ஒன்று 35 ரூபாய், மொத்தம் 14 கேன்.

வினிகர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அரியலூர் அருகே கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கைப்பிடி அளவு தடித்த சிப்பிகள் வரும், கிரிஃபியா என்று பெயர், சுமார் 7 கோடி ஆண்டுப் பழையவை. அவற்றைச் சுற்றி ஒட்டியிருந்த கல்லைக் கரைக்கலாம் என்று இரண்டை வினிகரில் போட்டோம். வெளிநாட்டுக் குழுக்கள் அமிலத்தில் கரைத்து மீன் எலும்பை எடுக்கும் வீடியோ பார்த்த உற்சாகம். எலும்பு பாஸ்பேட், அது தாங்கும். சிப்பி சுண்ணாம்பு, சுற்றியிருக்கும் கல்லும் சுண்ணாம்பு. நாற்பது நிமிடத்தில் இரண்டும் சேர்ந்தே நுரைத்தன. எடுத்தபோது சிப்பியின் வளர்ச்சிக் கோடுகள் அழிந்து சாக்பீஸ் போல ஆகியிருந்தன. தோட்டா வடிவத்தில் இருக்கும் பெலம்னைட்டும் சுண்ணாம்புதான், அதையும் போட எடுத்து வைத்திருந்தேன். எங்கள் குழுவின் டீச்சர் அக்கா அன்று வந்திருந்ததால் அது பிழைத்தது.

ஆக, கையால் செதுக்குவது ஒன்றே வழி. இந்த வருடம் நான் மிகவும் மகிழ்ந்த கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத ஆசை. பாத்திரக் கடைகளில் எவர்சில்வர் குடத்துக்குப் பேர் வெட்டுவார்களே, அந்த மிஷின்தான். பேனா போலப் பிடித்துக்கொண்டு கரண்டில் போட்டால் நுனி அதிரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 100 தட்டு. புதைபடிவ வேலைக்கென்றே காற்றழுத்தத்தில் இயங்கும் பேனாக்கள் இருக்கின்றன, அதற்குக் கம்ப்ரஸரும் வேண்டும், எங்களுக்குக் கட்டாது. இது 850 ரூபாய். நுனி டங்ஸ்டன் கார்பைடு. காட்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் வாங்கிய நுனியை ஊசியாகத் தீட்டிக் கொடுத்தார். இன்னொரு நுனியை மழுக்கலாக வைத்துக்கொண்டோம், கனமான மண்ணைத் தட்டி உதிர்க்க அது.

பிடிக்கும் கோணம்தான் எல்லாம். செங்குத்தாக வைத்தால் சுருளின் மேல் வெள்ளைப் புள்ளி விழும், அது போகவே போகாது. சாய்த்து, சுருளிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளியபடி போனால் ஒட்டிய மண் செதில் செதிலாகத் தானே கழன்று வரும். பாறைக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு பலவீனமான கோடு இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துவிட்டால் நாள் முழுக்க உட்காரலாம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மிஷின் சூடாகிவிடும், நிறுத்த வேண்டும். கைக்கும் ஓய்வு தேவைதான், முதல் வாரம் ராத்திரியில் விரல் மரத்துப்போனது. பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பிடியில் சுற்றிய பிறகு பரவாயில்லை. இண்டு இடுக்குகளுக்கு ஒரு பல் மருத்துவர் கழித்துப் போட்ட கொக்கி ஊசிகள் ஐந்து கிடைத்தன, அவைதான் கடைசி மில்லிமீட்டருக்கு. தூசு நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் இல்லாமல் யாரும் உட்காரக்கூடாது. காலை ஐந்தரையிலிருந்து எட்டுவரை திறந்த மாடியில்தான் வேலை.

கல்லை வைக்க மெத்தை வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வில் இன்னொரு இடத்தில் விரிசல் விடும். பழைய பேன்ட் காலை வெட்டித் தைத்து உள்ளே கேழ்வரகு நிரப்பினேன். கல்லின் வடிவத்துக்கு அழகாக அமர்ந்தது. மூன்றாவது வாரம் உள்ளேயிருந்து அந்துப்பூச்சி பறந்தது. இப்போது மாவுச் சல்லடையில் சலித்த மணல்.

அம்மோனைட்டின் ஏழு துண்டையும் சுத்தம் செய்ய மட்டும் 19 காலைகள் ஆயின. குறுக்கு விலாக்களும், உள்சுருளில் ஓட்டின் தையல் கோடுகளும் தெரிய வந்தபோது எல்லோரும் வந்து பார்த்தார்கள். கல்லூரிப் பையனின் அம்மா, இது சாளக்கிராமம் ஆயிற்றே என்று கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தவறில்லை, கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட்தான்.

ஒட்டும் வேலை இரண்டு முறை தோற்றது.

முதல் முறை நான் செய்தது அவசரம். கடையில் கிடைக்கும் உடனடிப் பசை டியூப் நான்கு வாங்கி, உள்சுருளில் தொடங்கி ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போனேன். பத்து நொடியில் பிடித்துவிடும் பசையில் திருத்த நேரமில்லை. முதல் ஒட்டில் அரை மில்லிமீட்டர் தப்பு, கண்ணுக்கே தெரியவில்லை. ஐந்தாவது துண்டுக்கு வரும்போது அது மூன்று மில்லிமீட்டராகப் பெருகி, ஆறாவது துண்டு அதன் இடத்தில் உட்கார மறுத்தது. வட்டத்தில் கடைசித் துண்டுதான் முதல் துண்டின் தப்பைச் சொல்லும். ஒட்டுகளைச் சுற்றி அசிட்டோனில் நனைத்த பஞ்சு வைத்து, மூடியுள்ள பெரிய எவர்சில்வர் டப்பாவில் இரண்டு இரவு அடைத்து வைத்தேன். மூன்றாம் நாள் காலை லேசாக அசைத்ததும் கழன்றன. ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது, அதைத் தனியாகத் தீப்பெட்டியில் போட்டு எண் எழுதி வைத்தோம்.

பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை இந்த முறைதான் வாங்கினோம். அருங்காட்சியகங்களில் பழம்பொருட்களை ஒட்ட உலகமெங்கும் பயன்படுத்துவது. கற்கண்டு போல மணி மணியாக வரும், 100 கிராம் கூரியர் செலவோடு 1,150 ரூபாய். அசிட்டோனில் கரைக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் அசிட்டோனிலேயே மறுபடி கழற்றலாம். எனக்கு அதன் முழு அருமையும் அந்தக் கழற்றலில்தான் இருக்கிறது. நாளை நம்மைவிட விஷயம் தெரிந்த ஒருவர் கையில் இந்தக் கல் போகும், அவருக்கு நாம் வழி விட்டு வைக்க வேண்டும். லேத் அண்ணன் வேறு கட்சி. "நடுவுல ஆறு எம்எம் ஓட்டை போட்டு ஒரு எவர்சில்வர் கம்பி விட்டா வேலை முடிஞ்சுது தம்பி, நூறு வருஷம் நிக்கும்" என்றார். நிற்கும்தான். ஆனால் துளைத்த இடம் திரும்ப வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதைப் பேசினோம். கடைசியில் அவரே, "சரி, உங்க வழியில போய்ப் பாப்போம்" என்றார்.

பிசினைக் கரைக்க ஒரு பக்குவம் உண்டு. மணிகளை அப்படியே பாட்டிலில் கொட்டினால் அடியில் போய் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிடும். எனக்கு முதல் 10 கிராம் அப்படித்தான் போனது. மெல்லிய பருத்தித் துணியில் பொட்டலமாகக் கட்டி, ஊறுகாய்க் கண்ணாடி பாட்டிலில் அசிட்டோனுக்குள் நூலில் தொங்கவிட வேண்டும். ராத்திரி தொங்கவிட்டால் காலையில் துணி மட்டும் மிஞ்சும். 100 மில்லிக்கு 5 கிராம் என்பது தண்ணீர் போன்ற கரைசல், உதிரும் பரப்புக்கு உறிஞ்சக் கொடுக்க. 100 மில்லிக்கு 50 கிராம் என்பது தேன் போன்றது, அதுதான் பசை. எங்களுக்கு 60 மில்லி பசையே தாராளம். பக்கத்தில் நெருப்பு கூடாது, ஊதுபத்திகூடக் கூடாது.

இந்தத் தடவை ஒட்டும் முன் பசையில்லாமல் ஏழையும் மணலில் பலமுறை சேர்த்துப் பார்த்து, எதற்குப் பிறகு எது என்ற வரிசையைக் காகித டேப்பில் எண்ணாக எழுதி ஒட்டினோம். கொத்தனார் சிமெண்ட் சுமக்கும் இரும்புச் சட்டி நிறைய மணல். ஒட்டும் முகம் இரண்டுக்கும் முதலில் தண்ணிக் கரைசலை ஒரு கை பூசி ஒரு நாள் காயவிட்டோம். அப்புறம் கெட்டிப் பசை வைத்து, துண்டின் எடை தானாகவே ஒட்டை அழுத்தும்படி மணலில் சாய்த்து நிறுத்தினோம். ஒரு ஒட்டுக்கு இரண்டு நாள் இடைவெளி. நம் ஊர்ச் சூட்டில் அசிட்டோன் சட்டென்று பறந்து பசையில் குமிழி விடும், அதனால் விடிகாலை ஐந்து மணிக்கே வைத்தோம். மார்ச் மூன்றாம் வாரத்தில் முழுச் சுருளும் நின்றது. தீப்பெட்டிச் சில்லும் அதன் இடத்தில் சரியாக உட்கார்ந்தது.

நிமிர்த்தி வைத்தால்தான் அழகு என்று இரண்டு முட்டுள்ள மரத் தாங்கி செய்து, மாடி அறை அலமாரியில் நிறுத்தினோம். அந்த அறைக்குச் சிமெண்ட் ஷீட் கூரை.

ஏப்ரல் மூன்றாம் ஞாயிறு எல்லோரும் கூடியபோது டீச்சர் அக்காதான் முதலில் பார்த்தார். சுருளின் கீழ்ப்பக்கத்து ஒட்டு மூன்று மில்லிமீட்டர் திறந்திருந்தது. பிளவுக்குள் பசை உடையவில்லை, வெல்லப் பாகு கம்பிப் பதத்தில் இழுபடுமே, அப்படி நூல் நூலாக இரு முகத்தையும் பிடித்துக்கொண்டு தொங்கியது. கையை அடியில் கொடுத்துத் தாங்கியபடியே இறக்கிக் கீழே கொண்டுவந்தோம். இன்னும் இரண்டு மூன்று நாள் போயிருந்தால் வெளிச்சுருள் தரையில் விழுந்திருக்கும்.

பசை போலியோ என்றுதான் முதலில் தோன்றியது. அக்கா அன்று மாலையே பிசினின் விவரத்தாளை எடுத்துப் படித்தார். பி-72 இளகத் தொடங்கும் வெப்பநிலை சுமார் 40 டிகிரி செல்சியஸ். குளிர்ந்த நாட்டு மியூசியத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. அடுத்த நாள் 420 ரூபாய்க்கு அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பதிந்து வைக்கும் தெர்மாமீட்டர் வாங்கி மாடி அறையில் வைத்தேன், பிற்பகல் 44.5 காட்டியது. போதாததற்கு, தடித்த ஒட்டுக்குள் அசிட்டோன் வாரக்கணக்கில் தங்கும், அது தங்கும்வரை பிசின் இன்னும் சீக்கிரம் இளகும். நாங்கள் ஒட்டிய ஒரு மாதத்துக்குள் எட்டரைக் கிலோவைச் செங்குத்தாக நிறுத்தி, பாதி எடையை ஒரே ஒட்டில் தொங்கவிட்டிருந்தோம். பிசின் சொன்னபடிதான் நடந்திருக்கிறது. அளக்காமல் இருந்தது நாங்கள்.

தெர்மாமீட்டரை வீடு முழுக்க நாளுக்கு ஓர் இடமாக வைத்துப் பார்த்தேன். ஹால் 38, சமையலறை 39.5, கட்டிலுக்கு அடியில் 36. வடக்குப் பார்த்த மாடிப்படிக்குக் கீழே 35-ஐத் தாண்டவில்லை. குடை, பழைய செருப்பு எல்லாம் வெளியேறின.

திறந்த ஒட்டையும், சந்தேகமாக இருந்த இன்னொன்றையும் அசிட்டோனில் கழற்றித் துடைத்து மறுபடி ஒட்டினோம். இந்த முறை பசை மிக மெல்லிசு. எடை ஒட்டில் விழாமல் இருக்கப் படுக்கை நிலையில் ஒரு தொட்டில். கல்லின் மேல் சமையலறைப் பிளாஸ்டிக் படலம், அதன்மேல் ஈரச் செய்தித்தாள் இரண்டு சுற்று, பிறகு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தோய்த்த பழைய வேட்டிக் கீற்றுகள் ஐந்து அடுக்கு. ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர்களுக்கு விற்கும் கடையில் 5 கிலோ பிளாஸ்டர் 125 ரூபாய். ஒரு கை அளவு கலக்கிக் கலக்கிப் போட வேண்டும், ஏழெட்டு நிமிடத்தில் இறுகிவிடும். காய்ந்ததும் கழற்றி, உள்ளே ஃப்ரிட்ஜ் பெட்டியில் வரும் வெள்ளை நுரைத் தாளை ஒட்டினோம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி நல்ல செருப்பு ரப்பர் நுரை வெட்டுகள் கொண்டுவந்திருந்தார், வெட்டவும் இதமாக இருந்தது. ஆனால் அதில் ஒரு புளித்த நெடி. சுண்ணாம்பு ஓட்டுக்கு அமில ஆவி ஆகாது என்பதை வினிகரில் பார்த்துவிட்டதால் வேண்டாம் என்றோம். அவர் கொண்டுவந்த காலி ஷூ பெட்டிகள்தான் மற்ற 34 பொட்டலங்களுக்கும் வீடு. ஒரே அளவு, அடுக்கினால் சாயாது.

தொட்டில் வேலை செய்யும்போதெல்லாம் கல்லமேட்டு டைனோசர் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. 1987-ல் யாதகிரி, அய்யாசாமி இருவரும் அரியலூர் அருகே கிடைத்த மாபெரும் எலும்புகளுக்குப் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். அந்த எலும்புகள் இன்று இல்லை, உதிர்ந்தே போய்விட்டன. அதன் அளவைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள், எடுத்துப் பார்க்கத்தான் எலும்பு இல்லை. வரப்பிலிருந்து எங்கள் ஏழு துண்டையும் சாக்குப் பையில் போட்டு, ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேனில் உருட்டிக்கொண்டு வந்ததை நினைத்தால் இப்போது பதறுகிறது. அடுத்த ஜனவரியில் பிளாஸ்டரும் வேட்டிக் கீற்றும் வேனிலேயே வரும். உதிரும் துண்டுக்கு அங்கேயே கட்டு.

சீட்டு எழுதுவது பாதியில் இருக்கிறது. 1860-களிலும் 70-களின் தொடக்கத்திலும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இந்தப் பக்கத்துப் படிவங்களை விவரித்தபோது ஊர்ப் பெயரோடு எழுதினார். ஊட்டத்தூர், ஓடியம் என்று இன்றும் போய் நிற்கலாம். எங்கள் பொட்டலங்களில் ஒன்பதில் "காரை" என்று மட்டும் இருக்கிறது, எந்த ஓடை, எந்த வரப்பு என்று இல்லை. எடுத்தவருக்கே மறந்துவிட்டது. அவற்றின் சீட்டில் அப்படியே உள்ளதை எழுதினேன், யூகத்தைச் சேர்க்கவில்லை. இனி எடுத்த இடத்திலேயே போனில் இடக்குறியீட்டைப் பார்த்துச் சீட்டில் எழுதிய பிறகுதான் பொட்டலம் மடிக்க வேண்டும். பேனாவா பென்சிலா என்றால் பென்சில்தான், வியர்வையில் அழியாது.

செலவு, வேன் வாடகை நீங்கலாக: பேர் வெட்டும் மிஷின் 850, பிசின் 1,150, அசிட்டோன் இரண்டு லிட்டர் 480, கேன் தண்ணீர் 490, டிடிஎஸ் மீட்டர் 280, தெர்மாமீட்டர் 420, பிளாஸ்டர் 125, மாஸ்க் 150, சீட்டும் பென்சிலும் 190. மொத்தம் 4,135 ரூபாய், ஆளுக்கு ஏறக்குறைய 460. தெர்மாமீட்டரை முதலிலேயே வாங்கியிருந்தால் ஒரு மாத வேலை மிச்சம். அடுத்த சீசனுக்கு பாரலாய்டு பி-44 கொஞ்சம் வாங்குவதாக முடிவு. அது இளகுவது 60 டிகிரியில். வெப்ப நாடுகளில் பி-72-ஓடு அதைக் கலந்து ஒட்டுகிறார்கள். எங்கள் சூட்டுக்கு எந்த விகிதம் என்று உடைந்த ஓட்டுச் சில்லுகளை ஒட்டி, அதே சிமெண்ட் ஷீட் அறையில் எடை கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கப்போகிறோம். லேத் அண்ணன் அதற்கென்று 500 கிராம், 1 கிலோ எடைகள் கடைந்து தருகிறார்.

போன ஞாயிறு ஷூ பெட்டிகளை எல்லாம் அடுக்கி, மிஷினைத் துடைத்துச் சுற்றி வைத்தோம். படிக்குக் கீழே மட்டும் தினமும் பார்க்க வேண்டும். இன்று அதிகபட்சம் 35.5. காரைப் பெரியவருக்குப் போன் செய்து ஒட்டிவிட்டோம் என்று சொன்னேன். போட்டோ அனுப்பட்டுமா என்றதற்கு, "போட்டோ வேணாம் சார், கல்லையே கொண்டாங்க" என்றார். தொட்டிலோடு இப்போது 11 கிலோ இருக்கிறது. வெயில் தணிந்து ஆவணியில் போகலாம் என்று பேச்சு. வேனில் மதிய வெயில் ஏறினால் உள்ளே எவ்வளவு என்று தெரியாது. அடுத்த வாரம் தெர்மாமீட்டரை வேனின் பின் சீட்டுக்கு அடியில் ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும்.